பாவித்த லீவர் துவக்கு விற்பனைக்கு

போன் அலறியது.

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் மோட்டர் திருத்தகத்தில் கோபிசங்கர் அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பையில் வாய் வைத்திருந்தான். இடது கையால் போனை எடுத்தான்.

மறுமுனையில் ஒரு கிசுகிசுப்பு. ஆண் குரல்...

"துவக்கு இன்னும் இருக்கோ?"

தேத்தண்ணி மூக்கு வழியாக வெளியே வந்தது!

துப்பாக்கி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் துவக்கு. அந்தச் சொல்லைப் போனில் கேட்டு நடுங்காத மனிதர் இந்தக் குடாநாட்டில் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் எப்போதோ கனடாவுக்குப் போயிருப்பார்.

பிழையான நம்பர் என்று சொல்லி வெட்டினான். மூக்கைத் துடைத்தான்.

மறுபடி அலறியது. இது வேறு குரல். மானிப்பாய்ப் பக்கத்து ஆள். ஒரு தரத்தில் எத்தனை ரவை, அதாவது குண்டு, போடலாம் என்று கேட்டார், ஏதோ சீனி விலை கேட்பது போல.

வெட்டினான். மறுபடி... மறுபடி... பத்து மணிக்குள் பதினேழு அழைப்புகள்!

தென்மராட்சியில் இருந்து ஒருவர், பலாப்பழத்துக்கு வரும் குரங்குகளை மிரட்ட வேண்டும் என்றார். கொக்குவிலில் இருந்து இன்னொருவர், கலியாண அல்பத்துக்கு மாப்பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்றார். எல்லோருக்கும் கோபிசங்கர் ஒரே பதிலைத்தான் சொன்னான். என்னிடம் துவக்கு இல்லை, இருந்ததும் இல்லை, இருக்கப் போவதும் இல்லை.

ஒருவரும் நம்பவில்லை.

கோபிசங்கருக்கு வயது முப்பத்து மூன்று. கரப்பான் பூச்சி குறுக்கே போனால் நின்று வழி விட்டுவிட்டு நடப்பவன். வருகிற திங்கட்கிழமை அவனுக்கும் உடுவிலைச் சேர்ந்த தனுசியாவுக்கும் கலியாணம். இன்றைக்குப் புதன். இடையில் நாலே நாள்.

அந்த நாலு நாளும் ஒரு கறையும் படாமல் கழிய வேண்டும். ஏனென்றால் மாமனார் அப்படிப்பட்ட மனிதர்.

மாமனாராக வரப்போகிறவர் தியாகராசா மாஸ்டர். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். அவரிடம் கோபிசங்கரைப் பற்றி ஏற்கெனவே மூன்று மொட்டைக் கடிதங்கள் போயிருந்தன. நம்முடைய ஊரில் கலியாணம் என்றால் தாலிக்கு முன்னால் மொட்டைக் கடிதம் வந்துவிடும். அது சம்பிரதாயம். பெயர் இருக்காது, விலாசம் இருக்காது, குற்றச்சாட்டு மட்டும் இருக்கும்.

மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை, மாஸ்டர் வீட்டு வாசல் படலைக்குள்ளே கிடக்கும்.

முதல் கடிதம், மாப்பிள்ளை பல்லுத் தீட்டாமல் தேத்தண்ணி குடிப்பவர் என்றது. இரண்டாவது, மாப்பிள்ளை கோயிலில் கும்பிடும்போது ஒரு கண்ணைத் திறந்து செருப்பைப் பார்ப்பவர் என்றது. மூன்றாவதுதான் பயங்கரம்... மாப்பிள்ளைக்கு லகர ளகர வேறுபாடு தெரியாது என்றது!

மூன்றாவதைப் படித்த அன்று மாஸ்டர் கோபிசங்கரை வீட்டுக்குக் கூப்பிட்டு எதிரே இருத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் கனநேரம் பார்த்தார்.

"இன்னும் ஒண்டு வரட்டும். அப்ப பாக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த நாளில் இருந்து கோபிசங்கருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் கிழமை வருவது மாதத்தின் கடைசி வெள்ளி. நாலாவது கடிதம் வந்தால் கலியாணம் அம்போ.

இப்போது கடிதமே தேவையில்லை போலிருக்கிறது. துவக்கு வியாபாரி என்று ஊர் முழுக்கப் பரவினால் காணும்!

பதினெட்டாவது தடவை போன் அலறியது. திரையில் தனுசியாவின் பெயர்.

"உங்களுக்கு விசரே?" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "துவக்கு விக்கிறியளோ?"

"நீருமோ?" என்று கோபிசங்கர் அழாக்குறையாகக் கேட்டான்.

அவள் வாங்கல் விற்றல் அப்பைத் திறந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தான்.

பளபளவென்று ஒரு படம். மண்ணிற மரப்பிடி. நீண்ட கறுத்தக் குழல். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர். அதன் கீழே பெரிய எழுத்தில்...

'பாவித்த நவீன லீவர் துவக்கு விற்பனைக்கு! பத்து ரவை கொள்ளும். லீவரை ஒரு தரம் இழுத்து விட்டால் அடுத்த ரவை தயார். மான், மரை, பன்றி எதற்கும் உகந்தது. கவனமான குடும்பஸ்தரின் பாவனையில் இருந்தது. இடம்: அச்சுவேலி.'

அதற்குக் கீழே கோபிசங்கரின் கடை நம்பர். பிழை ஒன்றும் இல்லை. பத்து இலக்கமும் சரி.

ஒரு நிமிடம் மூளை நின்றது. பிறகு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது.

நேற்றுப் பின்னேரம் அவன் விற்கப் போட்டது ஒரு மோட்டர் ஸ்டாட்டர். சுவரில் பூட்டுகிற பெட்டி. பக்கத்தில் உள்ள லீவரை இழுத்தால் மோட்டர் ஓடத் தொடங்கும். வேறு நேரமாக இருந்தால் ஸ்டாட்டர் என்றே எழுதியிருப்பான். ஆனால் மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு மாஸ்டர் அவனைப் பிடித்துத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். ஸ்டாட்டர் என்று எழுதக் கூடாதாம். துவக்கி என்று எழுத வேண்டுமாம். மாமா சொன்னால் வேதவாக்கு. துவக்கி என்றுதான் எழுதினான்.

துவக்கி என்ற சொல்லை அந்தப் போன் பிறந்ததில் இருந்து கேட்டதில்லை. தானாகவே திருத்தித் துவக்கு என்று மாற்றிவிட்டது. பிறகு அந்த அப், விவரத்தை அழகாக எழுதித் தரவா என்று கேட்டது. ஓம் என்று தட்டினான். படமும் போட்டுத் தரவா என்றது. ஓசியில் வருவதை யார் விடுவார்? அதற்கும் ஓம்.

வேலியில் போன ஓணானைப் பிடித்துச் சாரத்துக்குள் விட்ட கதைதான்!

விளம்பரத்தை அழிக்கத் தட்டினான். உங்கள் வேண்டுகோள் இருபத்து நாலு மணித்தியாலத்துக்குள் பரிசீலிக்கப்படும் என்று அப் மிகவும் மரியாதையாகச் சொன்னது.

நேரே பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொல்லச் சொன்னாள் தனுசியா. கோபிசங்கர் மாட்டேன் என்றான். அவன் பொலிஸ் வாசலில் காலை வைத்தால், காலை வெளியே எடுப்பதற்கு முன்னால் உடுவிலுக்குச் செய்தி போய்விடும். மாமா என்ன நினைப்பார்?

"அப்பாவை விடுங்கோ. அவரை எனக்குத் தெரியும்," என்றாள் தனுசியா.

"எனக்கும் தெரியும். அதுதான் பயம்," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வைத்த கையோடு மறுபடி அலறியது. முதலில் வந்த அதே கிசுகிசுப்பு! காலையில் இருந்து இது ஆறாவது தடவை.

"ஐயா, சத்தியமா என்னட்டை துவக்கு இல்லை," என்றான் கோபிசங்கர். பயத்தில் அவன் குரலும் கிசுகிசுப்பாகவே வந்தது.

"விளங்குது. போனிலை அப்பிடித்தான் சொல்லோணும். நீர் தொழில் தெரிஞ்ச ஆள்."

இன்றைக்கு மூன்று மணிக்குத் தான் வருவதாகவும், இடத்தைப் பிறகு அறிவிக்கும்படியும், துவக்கு வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுக் கிசுகிசுப்பு மறைந்தது.

கோபிசங்கர் முடிவெடுத்தான். ஓடுவது! கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய், திங்கட்கிழமை நேரே மணவறையில் வந்து இருப்பது. கதவை இழுக்கப் போனான்...

ஒரு கை அந்தக் கதவைப் பிடித்தது.

கட்டைக் காற்சட்டை, மேலில் உப்பு வாசம், கழுத்தில் செபமாலை. ஆளின் பெயரும் செபமாலைதான். குருநகரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற மோட்டர் வைத்திருப்பவர். அவர் போன கிழமையே ஒரு ஸ்டாட்டர் கேட்டு வைத்திருந்தார். ஆனால் அந்த நேரத்தில் கோபிசங்கரின் தலைக்குள் துவக்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

"தம்பி, சாமான் இருக்கோ?" என்றார் செபமாலை.

"என்ன சாமான் அண்ணை?"

"லீவர் உள்ளதுதான். போன மாசம் ஒருத்தனிட்டை வாங்கினது கையிலையே வெடிச்சிட்டுது. மச்சான் இன்னும் ஆஸ்பத்திரியிலை."

கோபிசங்கர் ஒரு அடி பின்னால் வைத்தான்.

அதே நேரம் எதிர்க் கடையில் ஒரு மனிதர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சாரம் கட்டி, பெனியன் போட்டு, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சாரத்துக்குக் கீழே மினுமினு என்று பொலிஷ் போட்ட சப்பாத்து! அந்தச் சப்பாத்து மெல்ல எழுந்து வீதியைக் கடந்து, கடையின் தகரத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

"எனக்கு நல்லதாய் ஒண்டு தா," என்றார் செபமாலை. "கையைச் சுடக் கூடாது. லீவரை இழுத்தவுடனை ஓடோணும்."

"ஆர் அண்ணை ஓடோணும்?"

செபமாலை பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால்...

"அசையாதை! கையைத் தூக்கு!"

தகரம் சாய்ந்தது. சாரக்காரர் பாய்ந்து வந்தார். செபமாலையின் இரண்டு கையும் மேலே போயின. கோபிசங்கரின் கைகள் மேலே போனபோது தட்டில் இருந்த ஸ்டாட்டரையும் தட்டிக்கொண்டு போயின. ஆறு கிலோ இரும்புப் பெட்டி நேரே விழுந்தது அந்தப் பொலிஷ் சப்பாத்தின் மேல்!

சாரக்காரர் ஒற்றைக் காலில் மூன்று சுற்றுச் சுற்றி மர வாங்கில் இருந்தார். பிறகு தன்னைச் சப் இன்ஸ்பெக்டர் ஜெயசுதன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"மோட்டர்," என்றார் செபமாலை, கையைத் தூக்கியபடியே. "மோட்டர் ஓடோணும். அதைத்தான் சொல்ல வந்தனான்."

கால் மணித்தியாலத்தில் எல்லாம் வெளியே வந்தது. ஜெயசுதன் விளம்பரத்தைப் பார்த்தார், ஸ்டாட்டரைப் பார்த்தார், கால் பெருவிரலைப் பார்த்தார். கடையைத் தலைகீழாகப் புரட்டினார். துவக்கும் இல்லை, அதன் தூசியும் இல்லை. செபமாலை அந்த ஸ்டாட்டரையே வாங்கிக்கொண்டு, இனிமேல் சாமான் வாங்க மனுசியை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, குருநகர் பஸ்ஸைப் பிடித்தார்.

"நான் போகலாமோ சேர்?" என்றான் கோபிசங்கர்.

போகலாம் என்று ஜெயசுதன் சொல்லவில்லை. குரங்கு மிரட்டவும் படம் எடுக்கவும் கேட்டவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஆறு தரம் கிசுகிசுத்த அந்த ஆள்! ஒருவன் இவ்வளவு இரகசியமாகத் துவக்குத் தேடுகிறான் என்றால் யாரையோ சுடப் போகிறான். அவன் தனக்கு வேண்டும் என்றார். கோபிசங்கர் விற்கிறவன் போல நடிக்க வேண்டும். மாட்டேன் என்றால் இப்போதே ஜீப்பில் ஏறி வந்து விரிவான வாக்குமூலம் தரலாம்; ஜீப் உடுவில் வழியாகத்தான் போகும்.

கோபிசங்கர் நடிக்கச் சம்மதித்தான்.

பிற்பகல் இரண்டு ஐம்பத்தைந்து. கிசுகிசுப்புக்கு அறிவித்த இடம், சந்தைக்குப் பின்னால் ஒரு வாழைத் தோட்டம்.

கோபிசங்கர் தலையில் முழுமுகம் மூடிய ஹெல்மெட். ஆள் தெரியக் கூடாது என்பது ஜெயசுதனின் ஏற்பாடு. கையில் உரப்பையால் சுற்றிய ஒரு நீண்ட பொருள். அது லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் சைலன்சர் குழாய். நாலு வாழைக்கு அப்பால், குலைக்குப் பின்னால், போனில் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு ஜெயசுதன் குந்தியிருந்தார். அங்கே நுளம்பு அதிகம். பொலிஸ்காரர் அடிக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

மூன்று மணி.

சருகு நொறுங்கியது...

வரம்பில் ஒரு சைக்கிள் வந்தது. அதன் மேல் ஒரு மெல்லிய உருவம். வேட்டி, முழுக்கைச் சேட்டு, தலையில்...

ஹெல்மெட்! சைக்கிளுக்கு ஹெல்மெட்!

உருவம் இறங்கி, சைக்கிளை வாழையில் சாய்த்து, கிட்ட வந்தது. இரண்டு ஹெல்மெட்டும் நேருக்கு நேர் நின்றன. உள்ளே மூச்சு முட்டியதில் இரண்டின் கண்ணாடியும் பனி போலப் புகார் பிடித்திருந்தது. ஒருவருக்கு மற்றவரின் மூக்குக் கூடத் தெரியவில்லை.

"சாமான் கொண்டு வந்தனீரோ?" கிசுகிசுப்பு.

"ஓம்." பதில் கிசுகிசுப்பு.

"ரவை?"

"எவ்வளவு வேணும்?"

"பத்துக் காணும். வெள்ளிக்கிழமை சுடோணும்."

எதற்காகச் சுடுகிறான் என்று கேட்டு வாயைப் பிடுங்கும்படி ஜெயசுதன் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்னத்துக்குச் சுடுறியள்?"

"கலியாணத்துக்கு."

பிறகு ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்த குரலில் கோபம் ஏறியது.

"கலியாணத்தைக் குழப்பலாம் எண்டு ஒருத்தன் திரியிறான். வெள்ளிக்கிழமை நான் சுடுறதைப் பாத்தால் அடங்கிப் போவான்."

கோபிசங்கர் கையில் இருந்த பையைப் பார்த்தான். வாயில் வந்ததைச் சொன்னான்.

"சைலன்சரும் இருக்கு. அதையும் தரவோ?"

"ஒலியடக்கி எண்டு சொல்லும்!"

கோபிசங்கர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஒலியடக்கி! இந்த உலகத்தில், துவக்கு வாங்க வந்த இடத்தில், ஹெல்மெட்டுக்குள் இருந்தும் தமிழ் திருத்துகிற மனிதர் ஒரே ஒருவர்தான்...

"மாமா?"

அதற்குள் வாழைக்குலை ஆடியது. ஜெயசுதன் பாய்ந்துவிட்டார்! ஒரு கையால் உருவத்தைப் பிடித்தார், மறு கையால் ஹெல்மெட்டைக் கழற்றினார். வியர்த்துக் கொட்டிய நெற்றி, அழிந்துபோன திருநீறு, கோணலாகத் தொங்கிய மூக்குக் கண்ணாடி. தியாகராசா மாஸ்டர்!

கோபிசங்கரும் தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை எந்தக் கலியாண வீடியோக்காரனும் எடுத்திருக்க மாட்டான்.

மாஸ்டருக்குக் கோபிசங்கரின் நம்பர் தெரியாது, அவனுக்கும் அவருடையது தெரியாது. மருமகனாக வருகிறவனுக்குத் தானாகப் போன் எடுப்பது மாமனுக்கு அழகில்லை என்பது அவர் கொள்கை. கொள்கை இப்போது அவரை நடுத்தோட்டத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது.

கோபிசங்கரின் நெஞ்சுக்குள் எதுவோ உடைந்து இளகியது. இரண்டு வருடமாக இந்த மனிதரைக் கண்டு நடுங்கியிருக்கிறான். 'இன்னும் ஒண்டு வரட்டும், பாக்கிறன்' என்று அவர் சொன்னது அவனுக்கு இல்லை, கடிதம் போடுகிறவனுக்கு! அறுபத்தெட்டு வயதில், கொதிக்கிற வெயிலில், உடுவிலில் இருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார், அவன் கலியாணத்தைக் காப்பாற்ற! கண் கலங்கிவிட்டது.

ஆனால் கண் துடைக்க நேரம் இல்லை. மாமாவை ஜீப்பில் ஏற்றினால் கலியாணமும் அதே ஜீப்பில் ஏறிப் போய்விடும்.

"எல்லாம் இதுக்குள்ளை இருக்கு," என்று ஜெயசுதன் போனைத் தட்டினார். "ரவை எண்டவர். சுடோணும் எண்டவர். மாஸ்டர், நடவுங்கோ ஜீப்புக்கு."

"சேர்," என்றான் கோபிசங்கர். "அதைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கோ. அவர் பலகாரச் சூட்டைப் பற்றிக் கதைச்சவர்."

ஜெயசுதன் நின்றார்.

"வெள்ளிக்கிழமை எங்கடை கலியாணத்துக்குப் பலகாரம் சுடுறம், சேர். ரவை லட்டுக்குப் பத்துக் கிலோ ரவை. மாமா அதைத்தான் கேட்டவர்."

ஒலிப்பதிவு ஓடியது. வாழைத் தோட்டத்தில் மூன்று பேரும் தலையைக் குனிந்து கேட்டார்கள்.

ரவை? பத்துக் காணும். வெள்ளிக்கிழமை சுடோணும். என்னத்துக்குச் சுடுறியள்? கலியாணத்துக்கு.

ஜெயசுதனின் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மனிதர். கலியாணத்துக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து, சொந்தமெல்லாம் கூடிப் பலகாரம் சுடாத வீடு உண்டா? பலகாரம் சுட்ட பிறகு நின்றுபோன கலியாணம் உண்டா? குழப்ப நினைக்கிறவன் சட்டி காய்வதைக் கண்டால் அடங்கித்தானே போக வேண்டும்?

"அப்ப சைலன்சர்?"

கோபிசங்கர் உரப்பையை அவிழ்த்தான். ஒலியடக்கி வெளியே வந்தது. கரி பிடித்த லான்ட்மாஸ்டர் ஒலியடக்கி.

"சைக்கிளுக்கு என்னத்துக்கு ஹெல்மெட்?"

"பாதுகாப்பு, சேர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா வந்து நீங்கள்தானே சொல்லுறியள்."

"துவக்கு இருக்கோ எண்டு ஆறு தரம் போன் எடுத்தவர்!"

கோபிசங்கர் மாமாவைப் பார்த்தான். அப்போதுதான் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் கேட்ட குரல் வாழைத் தோட்டத்தில் எழுந்தது.

"துவக்கு எண்டால் தொடக்கம், தம்பி. சூட்டுக்கு ஒரு துவக்கு வேண்டாமோ? அகராதி வைச்சிருக்கிறீரோ?"

ஜெயசுதன் அகராதி வைத்திருக்கவில்லை. துவக்கும் கிடைக்கவில்லை. ஒரு வீங்கிய பெருவிரலும் உடம்பு முழுக்க நுளம்புத் தடிப்பும்தான் அன்றைய வரவு. மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நிரூபிக்க முடியாது என்பதும் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை நான் உடுவிலுக்கு வருவன், மாஸ்டர். நீங்கள் என்னத்தைச் சுடுறியள் எண்டு சட்டிக்குப் பக்கத்திலை நிண்டு பாப்பன்."

நொண்டி நொண்டிப் போனார். ஜீப் சத்தம் தேய்ந்தது.

மாமாவும் மருமகனும் வரம்பில் நடந்தார்கள். சைக்கிளைக் கோபிசங்கர் உருட்டினான். துவக்கி துவக்கான கதையை அவன் சொல்லி முடித்ததும் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் படிப்பித்த ஒரு சொல் இவ்வளவு தூரம் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, ரவையை வைத்துச் சமாளித்தது கெட்டித்தனம் என்றார். சிலேடை என்று அதற்குப் பெயராம். அவர் வாயால் அவன் கேட்ட முதல் பாராட்டு. கோபிசங்கருக்கு வாழை மரமெல்லாம் தோரணம் கட்டி நிற்பது போல இருந்தது.

"சுட நினைக்கேல்லைத் தம்பி," என்றார் மாஸ்டர். "படலையிலை நிண்டு காட்டினால் காணும் எண்டு நினைச்சன். ஆனால் ஆள் ஆரெண்டு பிடிபடேல்லை. கொம்பியூட்டரிலை அடிச்ச கடிதம். கையெழுத்தும் இல்லை. ஒண்டு மட்டும் சொல்லுவன்... மூண்டு கடிதத்திலையும் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒற்றுப் பிழை கூட இல்லை!"

அதைச் சொல்லும்போது எதிரியை மெச்சுகிற பெருமை அந்தக் குரலில் இருந்தது.

"அப்பிடிப் பிழையில்லாமல் எழுத உடுவிலிலை ஆருக்கு மாமா தெரியும்?"

"இந்தக் காலத்திலை? எனக்குத் தெரியும். நான் இருத்தி வைச்சுப் படிப்பிச்சதாலை என்ரை மகளுக்குத் தெரியும். வேறை ஒருத்தருமில்லை."

மாஸ்டர் மேலே நடந்தார்.

கோபிசங்கர் நின்றான்.

சைக்கிளும் நின்றது.

மாஸ்டர் பத்தடி தள்ளிப் போகும் வரை காத்திருந்து, போனை எடுத்துத் தனுசியாவுக்கு அடித்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தனு, மூண்டு கடிதமும் நீர்தானே எழுதினது?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"எழுத்துப் பிழை இல்லை."

"சே," என்றாள் தனுசியா. "அதை யோசிக்காமல் விட்டிட்டன்."

பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அப்பா இரண்டு வருடமாகப் பாப்பம் பாப்பம் என்று இழுத்தடித்தவர். மகள் வேண்டும் என்றால் அவருக்கு வேண்டாம். ஊர் வேண்டாம் என்றால்தான் அவருக்கு வேண்டும். முதல் கடிதம் கிடைத்த பின்னேரமே ஆரடா சொல்ல என்று நாள் வைத்தார். இரண்டாவதுக்கு மண்டபம் எடுத்தார். மூன்றாவதுக்கு அழைப்பிதழ் அடித்தார்!

"கலியாணம்தான் சரிவந்திட்டுதே," என்றான் கோபிசங்கர். "வெள்ளிக்கிழமை இனி ஒண்டும் வராதுதானே?"

"நாலாவது எழுதி வைச்சிருக்கிறன். மாப்பிள்ளைக்குத் தனி வீடு பாத்து மனுசியைக் கூட்டிக்கொண்டு போகத் துணிவில்லை, மாமனாரின்ரை காலடியிலைதான் கிடப்பார் எண்டு. அப்பா அதைப் படிச்சால் திங்கட்கிழமைக்குள்ளை எங்களுக்குத் தனி வீடு." அவள் குரல் தேன் போல இறங்கியது. "போடவோ, விடவோ?"

கோபிசங்கர் முன்னால் பார்த்தான். வாழைத் தோட்டத்தின் முடிவில் மாஸ்டர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிரியின் இலக்கணத்தை நினைத்துத் தலையை ஆட்டியபடி நின்றார்.

"போடும். ஆனால் ஏழெட்டுப் பிழை விட்டுப் போடும்," என்றான் கோபிசங்கர். "உமக்குப் பிழை விட வராட்டில் என்னட்டை அனுப்பும்... அந்தச் சாமான் என்னட்டை எப்பவும் கையிருப்பிலை இருக்கு."